பீமனும் துரியோதனனும் ஸ்பாக்கைப் பார்த்தார்கள்

துரியோதனன் வேசக்காரருக்கும் பீமன் வேசக்காரருக்கும் நிஜத்திலும் ஆகாது என்று எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்பும்படி நடந்துகொண்டவர்களும் அவர்கள் இரண்டு பேர்தான். துரியோதனன் என் சித்தப்பா. பீமன் பக்கத்து ஊர்க்காரர், ஊர் முறைக்கு எனக்கு மாமா. கூத்து இல்லாத நாளில் இருவருக்கும் ஒரே டீக்கடை பெஞ்சு, ஒரே பீடிக்கட்டு. ஒரு ஊரில் கூத்துக்குத் தாம்பூலம் வாங்கிவிட்டால் அந்த ஊர் எல்லையிலேயே ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். சேர்ந்து உட்கார்ந்து களி தின்பதைச் சனம் பார்த்துவிட்டால் ராத்திரி சண்டையில் சூடு இருக்காது என்பது அவர்கள் கணக்கு.

தர்மபுரி மாவட்டத்தில், அதிலும் எங்கள் பென்னாகரம் பக்கம், பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. பங்குனி, சித்திரையில் ஆரம்பித்தால் ஆடி வரை ஏதாவது ஒரு திரௌபதியம்மன் கோயிலில் மத்தளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் சித்தப்பா வீட்டில் தங்கிய நாள் குறைவு. வந்தாலும் காதோரத்தில் அரிதாரம் ஒட்டிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்து எத்தனை கழுவினாலும் அந்த ஓரம் மட்டும் போகாது.

இதை எல்லாம் இங்கே எடுப்பதற்குக் காரணம் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதில் நடித்த இருவர் எழுபது வயதில் எதிரெதிரே உட்கார்ந்து பழைய கதை பேசும் ஒரு படம் இருக்கிறது. அதை நான் சித்தப்பாவோடும் மாமாவோடும் உட்கார்ந்து பார்த்தேன். அவர்களோடு பார்த்திராவிட்டால் அந்தப் படத்தில் பாதி எனக்குப் புரிந்திருக்காது.

தொடரின் பெயர் ஸ்டார் ட்ரெக். எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதைப் போட்டது. எங்கள் தெருவில் டயனோரா பெட்டி இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும். மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனாவைப் பெங்களூர் பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பு என்று கீழேயிருந்து கத்த, டீச்சர் மகன் மொட்டை மாடியில் கழியோடு மல்லுக்கட்டுவான். படம் தெளிந்ததும் வாசல்வரை ஆட்கள் உட்கார்ந்துவிடுவோம். கறுப்பு வெள்ளைப் பெட்டி என்பதால் கப்பலில் யார் சட்டை சிவப்பு, யார் சட்டை நீலம் என்பது எங்களுக்குத் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. ஆகவே கதை சொல்லும் வேலை சித்தப்பாவுக்கு வந்து சேர்ந்தது. கட்டியக்காரன் திரைக்கு முன்னால் வந்து, இன்ன ராசா வருகிறார், இன்னது கேட்கப்போகிறார் என்று சொல்வானே, அதே பாணி. கப்பல் தலைவர் கேப்டன் கிர்க்கை அவர் "சின்ன ராசா" என்பார். கூர்மையான காதும் மேலேறிய புருவமுமாக நிற்கும் ஸ்பாக் "மந்திரி". அந்த இருவரும் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் சித்தப்பா சொல்லும் கதையில் அங்கே ஒரு நிலத்தகராறு இருக்கும்.

பறக்கும் தட்டு எல்லாம் அவருக்குப் புதுசு இல்லை. 1963-ல் வந்த 'கலை அரசி'யில் எம்ஜிஆரும் பானுமதியும் இருக்க, வேற்றுக் கிரகத்து ஆட்கள் வந்து இறங்குவதை டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். "பாட்டுக் கத்துக்கவே பானுமதிய தூக்கிட்டுப் போனாங்கடா. இவங்க எதுக்குடா அலையறாங்க?" என்று கேட்பார். பிற்பாடு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்ததையும், அது தூர்தர்ஷனில் நாடகமானதையும் வைத்து நான் பெரிய விஞ்ஞானக்கதை ரசிகன்போல அலட்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. ஜீனோ என்ற பேசும் இயந்திர நாயைப் பற்றிச் சொன்னபோது சித்தப்பா, "நாய்க்குள்ள யார்றா உக்காந்திருக்கறது?" என்றார். எந்த வேசத்தைப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் ஆளைத் தேடுவது அவர் வழக்கம்.

1987-ல் ராமாயணம் வந்தது. டீச்சர் வீட்டு டிவிக்குக் கற்பூரம் காட்டினார்கள். சின்ன ராசாவும் மந்திரியும் மனசைவிட்டுப் போனார்கள்.

நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு பழைய டிவிடிக் கடையில் 'மைண்ட் மெல்ட்' கையில் கிடைத்தது. 2001-ல் வெளிவந்தது. வேறு யாரும் இல்லை, கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரும் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோயும் மட்டும். உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். தொடர் முதலில் ஒளிபரப்பானது 1966 செப்டம்பர் 8. மூன்று சீசன், 79 எபிசோடு, 1969-ல் ஆதாயமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மறுஒளிபரப்பில்தான் அதற்கு உயிர் வந்தது. மூன்று வருசம் கட்டிய வேசம் ஆயுளுக்கும் கழலவில்லை. நிமோய் 1975-ல் 'நான் ஸ்பாக் இல்லை' என்று ஒரு புத்தகம் எழுதி ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 1995-ல் 'நான்தான் ஸ்பாக்' என்று இன்னொன்று எழுதினார்.

அந்த டிவிடியை ஊருக்கு எடுத்துப்போனதற்கு ஒரு திட்டமும் இல்லை. ஒரு சித்திரை விடுமுறை, ஆபீஸ் லேப்டாப், திண்ணையில் வேலையில்லாமல் இரண்டு கிழவர்கள். சித்தப்பா அதற்குள் கூத்தை விட்டிருந்தார். முட்டி போய்விட்டது. மாமா மட்டும் அவ்வப்போது பின்பாட்டுக்குப் போய்வந்தார். "டீச்சர் வீட்டுல பாத்தமே, அந்த சின்ன ராசா, மந்திரி" என்று நான் சொன்னதும் இருவரும் கிட்டே நகர்ந்தார்கள். மாமா நிலக்கடலையை மடியில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு வார்த்தை புரியாமல் முழுதும் பார்த்தார்கள். பேசுபவரைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பவரையே பார்த்தார்கள் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். கூத்தில் ஒருவன் பாடும்போது அடுத்தவன் சும்மா நின்றால் வாத்தியார் விடமாட்டார்.

"இவன்தான் மூத்தவன்" என்று மாமா நிமோயைக் காட்டினார். இல்லை, ஷாட்னர் நாலு நாள் மூத்தவர் என்றேன். ஒருவர் 1931 மார்ச் 22, மற்றவர் மார்ச் 26. "நாலு நாளா? அப்ப இவன் குடும்பத்துக்கு மூத்தவன்" என்று மாமா தன் கட்சியை விடவில்லை. அதில் விசயம் இருந்தது. பாஸ்டனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த யூத அப்பாவின் பிள்ளை நிமோய். சில்லறை வேலையெல்லாம் பார்த்து, சின்னச்சின்ன வேடம் போட்டுத்தான் ஸ்டார் ட்ரெக்குக்கு வந்தார். கைக்கு எட்டிய வேலை போய்விடும் என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்ததாகப் படுகிறது.

காது விசயத்தைச் சொன்னபோது இருவரும் நிமிர்ந்தார்கள். முதலில் செய்துகொடுத்த காதுகள் கேவலமாக இருந்தன. ஊர் சிரிக்குமே என்று நிமோய் அந்த வேசமே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனார். பதிமூன்று எபிசோடு ஆகட்டும், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் காதை அறுவை செய்து சரியாக்குவதாக ஒரு கதையே எழுதிவிடுகிறேன் என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி சமாதானம் செய்தார். ஒப்பனைக்காரர் ஃப்ரெட் பிலிப்ஸ்தான் பிறகு நல்ல காது செய்துவைத்தவர். என்பிசி தொலைக்காட்சிக்காரர்களோ, சாத்தான் மாதிரி இருக்கிறானே என்று பயந்து, விளம்பரக் கையேட்டில் காதையும் புருவத்தையும் தீட்டி மழுப்பி அச்சடித்தார்கள்.

"ரப்பர் காதா?" என்றார் சித்தப்பா. அவர் கட்டிய புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கிரீடமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில் பதித்தவை. லேசான மரம்தான், ஆனால் விடியும்போது லேசாக இருக்காது. தோளில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. "ரப்பரா இருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு ஒட்டினது காலைல ஆறு மணிக்கு அரிக்குமேடா" என்று அவர் நிமோயின் காதைப் பார்த்தார். அந்தக் காது இப்போது வெறும் கிழவர் காது.

அடுத்து வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். அது டிவிடியில் இருந்த கதை அல்ல. வேறெங்கோ படித்ததை நான் நடுவில் நிறுத்திச் சொன்னேன். தொடரின் ஆரம்பத்தில் ஒரு எபிசோடில் ஸ்பாக் ஒருவனைத் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து வீழ்த்தவேண்டும் என்று எழுதியிருந்தது. அறிவால் வாழும் மந்திரி முரடன் மாதிரி அடிப்பானா என்று நிமோய்க்கு உறுத்தல். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஆள் மயங்கி விழட்டும் என்று இயக்குநரிடம் சொன்னார். இயக்குநருக்குப் புரியவில்லை. விழவேண்டியவர் ஷாட்னர். நிமோய் அவரைத் தனியே கூட்டிப்போய், நான் இங்கே தொட்டால் நீ இப்படி என்று காட்டினார். கேமரா ஓடியது. விரல் பட்டது. ஷாட்னர் விறைத்து, கண் சொருகி, கழற்றிப் போட்ட துணியாக விழுந்தார். அன்றோடு அது உலகம் முழுக்கச் சிறுபிள்ளைகள் ஒருவர் கழுத்தை ஒருவர் கிள்ளும் வித்தை ஆகிவிட்டது. அதற்கான புகழை நிமோய் எப்போதும் ஷாட்னருக்கே கொடுத்தார். விழுந்தவர் அப்படி விழாவிட்டால் அந்த விரலில் ஒன்றுமே இல்லை என்பது அவர் கட்சி.

மாமா கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். "உங்க சித்தப்பனக் கேளு" என்றார்.

படுகளத்தில் துரியோதனனை மண்ணில் செய்து படுக்க வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் கூடிக் குழைத்துச் செய்யும் பெரிய உருவம். மார்பில் ஒரு ஆள் நின்று ஆடலாம். தொடைக்குள் செந்நீர்ப் பானை புதைத்திருக்கும். துரியோதனன் வேசக்காரர் அந்த மண் உடம்பின்மேல் ஏறியும் இறங்கியும் சுற்றியும் ஆட, பீமன் துரத்துவான். ராத்திரியெல்லாம் கண்விழித்த சனம் காலை வெயிலில் சுற்றி நிற்கும். பீமன் கதையை ஓங்கி மண் தொடையில் அடிப்பான். செந்நீர் பொங்கும். திரௌபதி வந்து கூந்தல் முடிவாள். இதில் சித்தப்பாவுக்கு அடியே கிடையாது. அடி மண்ணுக்கு. ஆனால் கதை மண்ணில் படுகிற அதே கணத்தில், பத்தடி தள்ளி நிற்கும் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு சரியவேண்டும். ஒரு மூச்சு முந்தினால் சிரிப்பாகிவிடும், பிந்தினால் பீமன் முட்டாளாகிவிடுவான். அத்தனை வருசத்தில் அவர் ஒருமுறைகூடத் தன்னை முட்டாளாக்கியதில்லை என்றார் மாமா. சித்தப்பா, "நீ ஓங்கறப்ப மூக்குல ஒரு சத்தம் விடுவியே, அதக் கேட்டுத்தான் விழுவேன்" என்றார். அப்படி ஒரு சத்தம் விடுவதே மாமாவுக்கு அன்றுவரை தெரியாது. இல்லவே இல்லை என்று சாதித்தார். திண்ணையிலேயே எழுந்து, ஊன்றுகோலை ஓங்கிக் காட்டினார். சத்தம் வந்தது. சித்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

அதன்பின் லேப்டாப் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஷாட்னரும் நிமோயும் தாங்களாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் பழைய கணக்குகள் வெளியே வந்தன. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் மழை வந்து கூத்து நின்றபோது பேசிய பணத்தில் பாதிதான் கொடுத்தார்கள், அந்தப் பாதியில் யாருக்கு எவ்வளவு என்பது ஒன்று. கர்ண மோட்சத்தன்று சால்வை போர்த்தும்போது முதல் சால்வை யாருக்குப் போனது என்பது இன்னொன்று. கூத்தின் மகத்துவம், கலை, பாரம்பரியம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. இதைப் பெரிய குறையாக நினைத்துப் பேட்டியெடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சேர்ந்து வேலை பார்த்தவர்கள் உண்மையாகப் பேசிக்கொண்டால் சாப்பாடு, சம்பளம், தூக்கம், யார் முன்னால் நின்றான் என்பதுதான் வரும். மற்றதெல்லாம் மேடைக்கு வந்து மைக் பிடிப்பவர் பேசுவது.

அந்த நடிகர்களும் அப்படியே. ஸ்பாக்குக்கு வந்து குவிந்த ரசிகர் கடிதங்களைப் பார்த்து ஷாட்னருக்கு வயிறு எரிந்தது. அதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தங்கள் வசனத்தைக் குறைத்துத் தனக்கு ஏற்றிக்கொண்டார் என்று மற்ற நடிகர்கள் அவர்மேல் வருசக்கணக்காகக் குறை சொன்னார்கள். பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹனும் சுலுவாக நடித்த ஜார்ஜ் டகேயும் அதை மறைத்ததே இல்லை. நிமோய் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்கு முன்னால் கேன்டீனுக்குப் போக ஒரு சைக்கிள் வைத்திருந்தார். ஷாட்னர் அதை ஒளித்துவைப்பது, கயிறு கட்டிக் கூரையில் தொங்கவிடுவது என்று விளையாடினார். சொல்லும்போது ஷாட்னருக்குச் சிரிப்பு. நிமோய்க்கு அது சாப்பாட்டு நேரம். 'அரீனா' என்ற எபிசோடு எடுத்தபோது வெடிக்குப் பக்கத்தில் நின்றதில் இருவருக்கும் காது இரைச்சல் வந்தது. ஒருவருக்கு ஒரு காது, மற்றவருக்கு மறு காது. ஆயுளுக்கும் போகவில்லை.

பணத்தில் அவர்கள் நம் கூத்தாடிகளைவிடப் பெரிய கெட்டிக்காரர்கள் இல்லை. அந்தக் காலத்து ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்குக் குறிப்பிட்ட தடவைகள் வரைதான் பங்கு. உலகம் முழுக்க, எங்கள் டீச்சர் வீடு உட்பட, ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நடித்தவர்கள் கைக்கு அதில் ஒன்றும் போகவில்லை. காது தொங்கிய ஸ்பாக் பீர் குடித்ததும் காது விறைப்பதாக லண்டனில் ஒரு விளம்பரப் பலகை. தன் முகத்துக்குத் தனக்குக் காசு வரவில்லை என்று நிமோய் பாரமவுன்ட் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார். அது தீர்ந்த பிறகே 1979-ல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்தில் நடித்தார்.

ஷாட்னர் நல்ல நடிகரா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, மூச்சு வாங்கி, கையை விரித்து அவர் பேசுவதை அமெரிக்காவில் இன்றும் மிமிக்ரிக்காரர்கள் விட்டபாடில்லை. சித்தப்பாவுக்கோ அவர்தான் பிடித்தவர். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் அப்படித்தான் பேசவேண்டும் என்பார். நிமோய் ஒரு புருவத்தை மட்டும் தூக்குவது கேமராவுக்கு முன்னால் பலிக்கும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்?

அந்த டிவிடியில் நிமோய் தன் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். தொடர் நடந்த காலத்தில், படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு கோப்பை என்று ஆரம்பித்து வளர்ந்தது. ஷாட்னரின் மனைவி நெரீன் குடிக்கு அடிமையாகித் தவித்தபோது வந்து உதவியவர் நிமோய். நெரீன் 1999-ல் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். இந்த இடத்தில் ஷாட்னர் முகம் மாறியதைப் பார்த்து, "என்னடா சொல்றாங்க?" என்று மாமா கேட்டார். சொன்னேன். சித்தப்பாவும் மாமாவும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் செட்டில் ஆர்மோனியக்காரரும், திரௌபதி வேசம் கட்டிய ஒருவரும் அந்த வழியில்தான் போனார்கள்.

சித்தப்பா நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தார். பீடி. நிமோய் இறந்ததும் நுரையீரல் நோயால்தான், 2015 பிப்ரவரி 27. சிகரெட்டை விட்டு முப்பது வருசம் ஆனபிறகும் அது அவரை விடவில்லை. ஷாட்னர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஃபுளோரிடாவில் செஞ்சிலுவைச் சங்க நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தார், தன் மகள்களை அனுப்பினார். அதைவிடப் பெரிய விசயத்தை அவரே அடுத்த வருசம் 'லெனார்ட்' என்ற புத்தகத்தில் எழுதினார். கடைசிச் சில வருசம் நிமோய் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தார். ஏன் என்று தனக்கு உறுதியாகத் தெரியாது என்கிறார். தான் எடுத்த ஒரு ஆவணப்படத்தில், நிமோய் வேண்டாம் என்றும், அவரை மேடையில் படம்பிடித்துச் சேர்த்ததாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். ஐம்பது வருச சிநேகிதம். அதே ஷாட்னர் 2021 அக்டோபர் 13 அன்று, தொண்ணூறு வயதில், ஜெஃப் பெசோஸின் ராக்கெட்டில் ஏறி விண்வெளியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தார். சுஜாதாவின் ஜீனோ கதை நடப்பதாக எழுதிய வருசமும் 2021 தான். பேசும் நாய்தான் இன்னும் வரவில்லை.

அந்தச் சமயம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கண் பார்வை மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்டது. சின்ன ராசா நிசமாகவே மேலே போய்வந்தார் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மந்திரி பேச்சை நிறுத்தியதில்தான் அவர் கவனம் நின்றது.

"எவ்ளோ பாக்கி வெச்சிருந்தான்?"

"பணப் பாக்கி இல்ல மாமா. கேக்காம படம் எடுத்துட்டாராம்."

"அந்தப் படத்தக் காசுக்கு வித்தானா?"

"வித்தாரு."

"அப்பப் பணந்தான்" என்றார் மாமா. பிறகு, அந்த மழைக்கூத்துப் பாதிப் பணத்தில் சித்தப்பா தனக்கு இன்னும் நாப்பது ரூபாய் தரவேண்டும், அதை நான் கொடுப்பதானால் வாங்கிக்கொள்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.